பொம்மைக் கடைக்காரர் பதில்கள்: உடையாத பொம்மையை வைத்து யார் விளையாடினார்கள்?

ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்குள்ள குழந்தைப் பருவ மியூசியத்தைப் பார்த்ததைப் பற்றிப் போன இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகும் வழியில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தவன் நான். எதைப் பார்த்தாலும் கடைக்காரன் கண்ணால்தான் பார்ப்பேன். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர் போடவேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

பொம்மைக்கென்று ஒரு மியூசியமா? பிரிட்டனில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. இதை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாமா?
– கரூர் வாசகி

பொம்மைகளை மட்டும் பார்ப்பதாக இருந்தால் முடித்துவிடலாம், அம்மா.

எடின்பரோ கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரைக்கும் சரிவாக இறங்குகிறதே ராயல் மைல், அந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஜான் நாக்ஸ் வீடு என்று ஒரு பழைய கட்டடம் உண்டு, அதற்கு எதிர்ச்சாரி. நகராட்சி நடத்துகிறது, உள்ளே போகக் காசு கிடையாது. 1955-இல் ஆரம்பித்தார்கள். குழந்தைப் பருவத்தின் வரலாற்றுக்கென்றே உலகத்தில் ஏற்பட்ட முதல் மியூசியம் அதுதான் என்கிறார்கள்.

ஆரம்பித்தவர் பேட்ரிக் மரே. மூக்குக் கண்ணாடித் தொழில். நகர மன்ற உறுப்பினரும்கூட. பொம்மைகளைவிட இந்த மனிதரின் கதைதான் எனக்கு அதிகம் பிடித்தது. பிள்ளைகள் என்றாலே இவருக்கு ஆகாது. 'இது குழந்தைப் பருவத்தைப் பற்றிய மியூசியம், குழந்தைகளுக்கான மியூசியம் இல்லை' என்பதை அடித்துச் சொல்வாராம். ஏரோது மன்னனுக்கு நினைவாக இங்கே ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைக்கவேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளையெல்லாம் வெட்டச் சொன்னானே, அதே ஏரோதுதான். பிள்ளைகள் விடுவார்களா? உலகத்திலேயே அதிக இரைச்சல் உள்ள மியூசியம் என்று அவருடைய மியூசியத்துக்கே பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் மரே சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. உள்ளே பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுபோகிறவர்கள் அவர்களைக் கூட்டிவந்த பெரியவர்கள்தான். 'ஐயோ, இது எங்கிட்ட இருந்துச்சே' என்கிற குரலைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தெரியவேண்டாம். என் கடையிலும் இதுதான் நடக்கும். பிள்ளை கேட்பது ஒன்றாக இருக்கும். அப்பா வாங்கிக் கொடுப்பது, சின்ன வயசில் தனக்குக் கிடைக்காத இன்னொன்றாக இருக்கும்.

அரை மணியா ஒரு மணியா என்பது நீங்கள் என்ன கேட்டுக்கொண்டு பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நான் கேட்டது இதுதான்: இதற்கு யார் காசு கொடுத்தது? இது ஏன் இன்னும் உடையவில்லை? நூறு வருஷம் தாண்டியும் மூக்கு நுனிகூடப் பெயராத பீங்கான் முகப் பொம்மை என்றால், அது அலமாரி மேலே இருந்து விசேஷ நாளில் மட்டும் இறங்கிவந்த பொம்மையாகத்தான் இருக்கவேண்டும். தினசரி விளையாடிய பொம்மைக்குக் கை போகும், தலை போகும், கடைசியில் அதுவே குப்பைக்குப் போகும். என் கடையில் ஓடிய சரக்கு காற்றாடி, ஊதல், பலூன், மரச்சொப்பு. அவற்றில் நூற்றில் ஒன்றுகூட எந்த மியூசியத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால்தான் சொல்கிறேன், பொம்மை மியூசியத்தில் அதிகம் இருப்பது விளையாடாத பொம்மைகள். விளையாடியதைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு அரை மணி பத்தாது.

பூட்ஸில் செய்த பொம்மை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே. அது என்ன?
– திண்டுக்கல் வாசகர்

அதற்காகவே எடின்பரோ போகலாம், தம்பி.

தேய்ந்துபோன பழைய பூட்ஸ் ஒன்று. அதன் குதிகால்தான் பொம்மைக்கு முகம். அதில் கண்ணும் வாயும் வைத்து, மீதியைத் துணியால் சுற்றி உடுத்தியிருக்கிறார்கள். லண்டன் கிழக்குப் பக்கம் பெத்னல் கிரீன் என்ற ஏழைப் பேட்டையில், 1905 வாக்கில் ஒரு பிள்ளை கையில் இருந்தது. கழித்துப் போட்ட செருப்பு குழந்தையாக மாறி ஒரு பிள்ளையின் மடியில் தூங்கியிருக்கிறது. பொம்மை செய்கிறவர்கள் பலரோடு பழகியவன் நான். இவ்வளவு குறைந்த சாமானில் இவ்வளவு முகத்தை யாரும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

இதைச் சேகரித்தவர் எட்வர்ட் லவட். 1852-இல் பிறந்து 1933 வரை வாழ்ந்தவர். பிழைப்புக்கு வங்கி வேலை. மற்ற நேரமெல்லாம் லண்டன் தெருக்களில் தாயத்து, மந்திரித்த கல், அதிர்ஷ்டச் சாமான் என்று ஏழை எளியவர்கள் கழுத்திலும் சட்டைப் பையிலும் வைத்திருந்ததைத் தேடி அலைவது. அப்படியே பொம்மைகளையும் சேர்த்தார். எலும்பில் துணி சுற்றிய பொம்மைகூட அந்தத் தொகுப்பில் உண்டு. சேரிப் பிள்ளைகளிடம் புதுப் பொம்மையைக் கொடுத்துவிட்டு, அவர்கள் கையிலிருந்த பழசை வாங்கிக்கொள்வாராம்.

இந்தப் பண்டமாற்றில் லாபம் யாருக்கு? கடையிலிருந்து வந்த பளபளப்பான பொம்மை பிள்ளைக்குக் கிடைத்தது. பூட்ஸ் பொம்மை லவட்டுக்குக் கிடைத்தது. நூறு வருஷம் கழித்து அந்தப் புதுப் பொம்மை எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பூட்ஸ் பொம்மைக்கு ஸ்காட்லாந்தில் விளக்குப் போட்டுக் கண்ணாடிக் கூண்டு. லவட்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் வாங்கியிருக்காவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் அது அடுப்புக்குப் போயிருக்கும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. மறுநாள் ராத்திரி அந்தப் பிள்ளைக்குப் புதுப் பொம்மையைக் கட்டிக்கொண்டு தூக்கம் வந்திருக்குமா? மியூசியத்துப் பலகையில் அதெல்லாம் எழுதமாட்டார்கள்.

நாலு வயசுப் பேரனோடு லண்டன் போகிறேன். தொடாதே, ஓடாதே என்று சொல்லாத இடமாக ஒன்று சொல்லுங்கள்.
– கோயம்புத்தூர் வாசகி

அதே பெத்னல் கிரீனுக்குப் போங்கள். அங்கே இருக்கும் மியூசியத்துக்கு இப்போது 'யங் வி அண்ட் ஏ' என்று பெயர். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் கிளை. சென்ட்ரல் லைன் ரயிலில் பெத்னல் கிரீன் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். இங்கேயும் டிக்கெட் இல்லை. மூன்று வயசுக்கு உட்பட்ட வாண்டுகளுக்கென்று தனி இடம், பெரிய பிள்ளைகளுக்கு விளையாட, நடிக்க, செய்துபார்க்க என்று கூடங்கள். மூன்று வருஷம் மூடி வைத்து, 1 கோடியே 30 லட்சம் பவுண்டு செலவழித்துப் புதுப்பித்து, 2023 ஜூலை முதல் தேதி திறந்தார்கள். மறுவருஷமே பிரிட்டனில் ஆண்டின் சிறந்த மியூசியம் என்ற பரிசு கிடைத்தது.

பேரன் விளையாடட்டும். நீங்கள் கீழே தரையைப் பாருங்கள். மீன் செதில் அடுக்கினாற்போல் மார்பிள் துண்டுகள் பதித்திருக்கும். வோக்கிங் சிறையில் இருந்த பெண் கைதிகள் செய்து கொடுத்தது. மேலே இரும்புக் கூடு. அது முதலில் சவுத் கென்சிங்டனில் நின்ற கட்டடம். அங்கே பார்ப்பதற்கு லட்சணமாக இல்லை, பாய்லர் மாதிரி இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேலி செய்ததால் பிரித்து இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பணக்காரப் பேட்டைக்கு ஆகாதது ஏழைப் பேட்டைக்கு ஆகும் என்கிற கணக்கு!

1872-இல் திறந்தபோது உள்ளே என்ன வைத்தார்கள் தெரியுமா? உணவுப் பொருள்களைப் பற்றி ஒரு காட்சி, மிருகங்களிலிருந்து கிடைக்கும் பொருள்களைப் பற்றி ஒன்று, அப்புறம் ஒரு சீமானிடம் இரவல் வாங்கிய ஓவியங்கள். பூட்ஸ் பொம்மை வைத்திருந்த பிள்ளை இந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போயிருக்கும். உள்ளே அதற்கு ஒன்றும் இருந்திருக்காது. 1920-களில் இதற்குப் பொறுப்பாக இருந்த ஆர்தர் சேபின் என்பவர்தான், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து சலித்துப்போய்ச் சுற்றுவதைக் கவனித்து, பொம்மைகளைச் சேர்க்க ஆரம்பித்தார். மேரி ராணிகூடக் கொடுத்து உதவினார். குழந்தைப் பருவ மியூசியம் என்று பெயர் மாறியது 1974-இல்.

இந்த மியூசியத்தின் தொகுப்பில் 1673-ஆம் வருஷம் தேதியிட்ட நூரம்பர்க் பொம்மை வீடு ஒன்று உண்டு. அடுக்களையில் பாத்திரம் அத்தனையும் வரிசையாக இருக்கும். பெண் பிள்ளைகளுக்குக் குடித்தனம் நடத்தக் கற்றுத்தர ஜெர்மனியில் இப்படிச் செய்து வைப்பார்கள். நம் ஊர் மரச்சொப்பில் அம்மி, குழவி, ஜாடி, தோசைக்கல் எல்லாம் இருக்கிறதே, வேலை ஒன்றுதான். என்ன, சொப்பு வைத்து மண்ணில் சோறாக்கலாம். அந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூடப் பிள்ளை தன் இஷ்டத்துக்கு நகர்த்தியிருக்க முடியாது.

எங்கள் பரமபதத்தை வெள்ளைக்காரன் பாம்பு-ஏணி என்று திருடிக்கொண்டான் என்கிறார்களே, அதை அங்கே ஒப்புக்கொள்கிறார்களா?
– கும்பகோணம் வாசகர்

திருட்டு என்று நான் சொல்லமாட்டேன், ஐயா. பொம்மை வியாபாரத்தில் அடுத்தவன் சரக்கைப் பார்த்துச் செய்யாதவன் கிடையாது. இந்தியாவிலிருந்து போனது என்பதை அங்கே யாரும் மறைக்கவும் இல்லை.

1890-களில் இங்கிலாந்தில் அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்த மாற்றம்தான் கவனிக்கவேண்டியது. நம் பழைய பலகைகளில் ஏணி குறைச்சல், பாம்பு அதிகம். மேலே போவது கஷ்டம், சறுக்குவது சுலபம் என்பதுதானே விஷயம். அங்கே போனதும் பாம்பையும் ஏணியையும் சரிக்குச் சரியாக்கினார்கள். மேலே பரமபதமும் இல்லை, வெறும் நூறு. 1943-இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதாம். லூடோவும் சோழி உருட்டி ஆடும் நம் பச்சீசியிலிருந்து போனதுதான். 1896-இல் இங்கிலாந்தில் அதற்குப் பேடண்ட் வாங்கினார்கள். பேடண்ட் என்றதும் உங்களுக்குக் கோபம் வரும், தெரியும்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் ஜனம் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். அந்த ராத்திரி கண்விழிக்கப் பரமபதம் ஆடவேண்டும் என்று காகித அட்டையை வாங்கிப் போவார்கள். விடியக்காலையில் பரமபத வாசல் திறந்து எல்லோரும் திரும்பும்போது, அதே அட்டை வழியெல்லாம் கிடக்கும். நான் முன்னால் சொன்னது இதுதான். ஆடியது கிழிந்துபோனது. லண்டன் மியூசியத்தில் மடிப்புக் கலையாமல் இருப்பது, ஆடாமல் பெட்டிக்குள் இருந்தது.

விளையாட்டாகவே பாடம் சொல்லித் தரவேண்டும் என்று இப்போது பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள். இது புதுசா, பழசா?
– மயிலாடுதுறை ஆசிரியை

பழசு, டீச்சர். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்று ஒரு வரைபடக்காரர், மேப்பை மரப்பலகையில் ஒட்டி, தேசங்களின் எல்லைக்கோடு வழியே அறுத்து விற்றார். பிள்ளைகள் சேர்த்து அடுக்கினால் பூகோளம் படிந்துவிடும். ஜிக்சா புதிர் பிறந்தது இப்படித்தான். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளுக்கும் அவர்கள் ஆசிரியை சார்லட் ஃபின்ச் சீமாட்டி இதே முறையில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த மேப்புகள் வைத்திருந்த அலமாரி இன்னும் இருக்கிறது. ஒரு துண்டு தொலைந்தால் ஒரு தேசமே போச்சு. அந்த பயத்திலாவது படித்திருப்பார்கள்.

எல்லாம் பணக்காரப் பிள்ளைகள் கதையாகவே இருக்கிறது. பொம்மையே இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு மியூசியத்தில் இடம் உண்டா?
– தூத்துக்குடி வாசகர்

உண்டு. லண்டனில் பிரன்ஸ்விக் ஸ்கொயரில் ஃபவுண்ட்லிங் மியூசியம். இதற்கு டிக்கெட் வாங்கவேண்டும், வாங்கலாம்.

தாமஸ் கோரம் என்று ஒரு கப்பல் தலைவர். லண்டன் தெருவோரம் பச்சைக் குழந்தைகள் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், வருஷக்கணக்கில் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் ஏறி இறங்கி, 1739-இல் மன்னரின் ஆணை பெற்று ஓர் அநாதை இல்லம் ஏற்படுத்தினார். 1741-இல் முதல் குழந்தைகளைச் சேர்த்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. அதனால் மறுவருஷம் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு பையில் கலர் கலராக உருண்டைகள். குழந்தையோடு வந்த தாய் கையை விட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் குழந்தைக்கு நோய் இல்லையென்றால் இடம் உண்டு. சிவப்பு வந்தால் காத்திருக்கவேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையோடு திரும்பிப் போகவேண்டும். எத்தனையோ வருஷம் கலர் உருண்டை விற்றவன் நான். அதைப் படித்த பிறகு அங்கே சற்று நேரம் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

குழந்தையை விட்டுவிட்டுப் போகிற தாய் ஏதாவது ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போகலாம். பேர் கீறிய காசு, தையல் விரல் கவசம், மோதிரம், ஒரு கொட்டையின் ஓடு. பின்னால் நாலு காசு கையில் வந்து பிள்ளையை மீட்க வந்தால், நான் வைத்தது இன்னதுதான் என்று சொல்லவேண்டும். அடையாளம் வைக்க ஒன்றுமில்லாதவர்களுக்கு, குழந்தை உடுத்தி வந்த துணியிலேயே ஒரு துண்டு கத்தரித்துச் சேர்க்கைச் சீட்டோடு குத்தி வைத்தார்கள். பூப்போட்டது, கோடு போட்டது, ரிப்பன் துண்டு என்று அப்படி 5,000-க்கும் மேல் துணித் துண்டுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஏழை ஜனங்கள் அந்தக் காலத்தில் என்ன துணி உடுத்தினார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இன்றைக்கு அதுதான் பொக்கிஷம்.

1741-இலிருந்து 1760 வரைக்கும் சேர்ந்த குழந்தைகள் 16,282. தாய் தகப்பன் வந்து மீட்டது 152. உள்ளே போனதும் குழந்தைக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். அடையாளப் பொருளைக் குழந்தையின் கையில் கொடுப்பதில்லை; அப்படி ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பெட்டி பெட்டியாக அங்கே இருக்கிற சாமான்களைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் போலத்தான் தெரியும். ஒரு பிள்ளைகூட அதைக் கையில் எடுத்ததில்லை. எடின்பரோவில் நான் கேட்ட கேள்வி, 'இது ஏன் உடையவில்லை' என்றது, இங்கே கேட்டால் பதில் வேறு மாதிரி வருகிறது.

அந்த இல்லம் இருந்த இடம் இப்போது பிள்ளைகள் விளையாடும் திடல். கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்று பெயர், மியூசியத்துக்குப் பக்கத்திலேயே. பிள்ளை கூட வந்தால்தான் பெரியவர்களை உள்ளே விடுவார்கள்! என்னைத் தனியாக விடமாட்டார்கள் என்பதில் எனக்குப் பரம சந்தோஷம். மரேயையும் விட்டிருக்கமாட்டார்கள்.

அந்தக் காலத்துப் பொம்மை மரமும் தகரமுமாக எவ்வளவு நன்றாக இருந்தது! இப்போது எல்லாம் பிளாஸ்டிக் குப்பை. நீங்களும் அதைத்தானே விற்றீர்கள்?
– சேலம் வாசகர்

விற்றேன். எதற்கு மழுப்பவேண்டும்?

ஆனால் அந்தக் காலத்துச் சரக்கை மியூசியத்தில் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பவர் 1893-இல் உள்ளே வெற்றிடமாக வார்க்கிற முறையைக் கண்டுபிடித்ததும், சிப்பாய் பொம்மை மலிந்து வீடுதோறும் பட்டாளம் வந்தது. வார்த்தது எதில்? விஷமான காரீயம் கலந்த உலோகத்தில். பிள்ளைகள் வாயில் வைத்தார்கள். 1966 வரைக்கும் அந்தக் கம்பெனி ஈயத்தில்தான் செய்தது. செலுலாய்டு பொம்மை என்று ஒன்று உண்டு. மெல்லிசாக, கன்னம் சிவந்து, பார்க்க மகாலட்சுமி மாதிரி. அடுப்புப் பக்கம் போனால் குபீரென்று பற்றிக்கொள்ளும். சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார் ஓரத்தில் விரலை அறுத்துக்கொள்ளாத பையன் எந்த ஊரிலும் இருந்திருக்கமாட்டான். இன்றைக்கு இந்தியாவில் 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வியாபாரியாக நான் அதைத் திட்டியிருப்பேன், தாத்தாவாகக் கும்பிடுகிறேன்.

மரச் சாமானில் எனக்கும் ஆசை உண்டு. கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலிருந்து கடைசல் பொம்மை வந்து பார்சல் பிரித்தால் அரக்கு வாசனை கடை முழுக்க இருக்கும். அதற்காகப் பழசெல்லாம் பத்திரம் என்று எழுதினால் அது பொய்.

டெல்லிக்கு மேல் எங்களால் போக முடியாது. அங்கே ஏதாவது உண்டா?
– விழுப்புரம் வாசகி

நல்லதாகவே இருக்கிறது. பகதூர் ஷா ஜஃபர் மார்க், நேரு ஹவுஸ் கட்டடத்தில் சங்கர் சர்வதேசப் பொம்மைகள் மியூசியம். மெட்ரோவில் ஐ.டி.ஓ. ஸ்டேஷன். திங்கட்கிழமை விடுமுறை. கார்ட்டூனிஸ்ட் சங்கர் நடத்திய பிள்ளைகள் போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி தூதர் ஒரு பொம்மை கொடுத்தார். அது சங்கருக்குப் பிடித்துப்போய்விட்டது. நேருவோடு வெளிநாடு போகிற இடமெல்லாம் பொம்மை சேகரிக்க ஆரம்பித்து, 1965 நவம்பரில் அது மியூசியமாகிவிட்டது. திறந்துவைத்தவர் திருத்தணி மண்ணில் பிறந்த ராதாகிருஷ்ணன், அப்போது ஜனாதிபதி. ஆயிரத்தில் தொடங்கியது, இப்போது 6,000-க்கு மேல். நம் நாட்டு மாநிலங்களின் உடைகளில் பொம்மைகளைத் தங்கள் பட்டறையிலேயே செய்து, வெளிநாடுகளுக்குக் கொடுத்து, மாற்றாக அவர்களுடையதை வாங்கியிருக்கிறார்கள்.

அழகான இடம். ஆனால் எல்லாமே காட்சிக்கென்று செய்தவை. கல்யாண உடுப்போடு வரிசையாக நிற்கும், யாரும் விளையாடியதில்லை. எனவே அன்றைக்கே ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய்விடுங்கள். ஹரப்பா காலத்துச் சுட்ட மண் வண்டிகள், தலையாட்டும் மாடு, கயிற்றில் ஏறி இறங்கும் குரங்கு. நாலாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாட்டுக்குத் தலையைத் தனியாகச் செய்து, கயிறு கோத்து, இழுத்தால் ஆடும்படி வைத்திருக்கிறான் ஒருத்தன். அவன் மட்டும் என் காலத்தில் இருந்திருந்தால் முன்பணம் கொடுத்துச் சரக்கைப் பிடித்திருப்பேன்.

அமெரிக்காவில்?
– நாமக்கல் வாசகர்

ஒரு வார்த்தையில் கேட்டுவிட்டீர்கள். பெற்றோரை நயாகராவுக்குக் கூட்டிப்போகாத அமெரிக்கப் பிள்ளை இல்லை. அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் ராச்செஸ்டர். ஸ்ட்ராங் மியூசியம் என்று கேளுங்கள். கோடக் கம்பெனியின் பெரிய பங்குதாரராக இருந்த மார்கரெட் உட்பரி ஸ்ட்ராங் என்ற அம்மாள் சேர்த்துவைத்துவிட்டுப் போனது, 1982-இல் திறந்தார்கள். அங்கே பொம்மைகளுக்குப் புகழ் மண்டபம் ஒன்று உண்டு. 2005-இல் அதில் இடம் பெற்றது அட்டைப் பெட்டி. 2008-இல் குச்சி. 2021-இல் மணல். நிஜமாகத்தான் சொல்கிறேன். பொம்மையை விட்டுவிட்டு, அது வந்த பெட்டியை வைத்துக்கொண்டு விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அந்தக் கமிட்டியில் யாரோ கடை வைத்திருந்தவர் இருக்கவேண்டும்.

என் பாட்டியின் மரப்பாச்சி ஜோடி இருக்கிறது. மியூசியம் பொருளாகிவிடும் என்கிறார்கள். பாலிஷ் போட்டு, கண் எழுதி வைக்கலாமா?
– தஞ்சாவூர் வாசகி

வேண்டவே வேண்டாம், அம்மா. பாலிஷ், பெயின்ட், எண்ணெய் எதுவும் வேண்டாம். மெல்லிய துணியால் தூசி துடைத்தால் போதும். நேர் வெயில் படாமல் வையுங்கள்.

உற்றுப் பாருங்கள். பெண் பொம்மையின் தலையிலோ தோளிலோ சின்னதாகப் பல் பதிந்த தடம் இருக்கும். பல் முளைக்கிற காலத்தில் உங்கள் பாட்டியோ அவர் தம்பியோ கடித்தது. பின்பக்கம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், காய்ச்சலுக்கோ வீக்கத்துக்கோ கல்லில் இழைத்துப் பூசியிருப்பார்கள். அதைப் போய்ச் சரிசெய்து விடாதீர்கள். மரப்பாச்சி கடையில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், அந்தத் தடம் கிடைக்காது.

ஒரு வேலை மட்டும் இப்போதே செய்யுங்கள். ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள்: யாருடையது, எந்த ஊர், கல்யாணச் சீரில் வந்ததா, யார் யார் விளையாடினார்கள், பொம்மைக்குப் பெயர் ஏதாவது வைத்திருந்தார்களா. மியூசியக்காரர்கள் பொம்மையைவிட அந்தச் சீட்டுக்குத்தான் ஏங்குகிறார்கள். எடின்பரோவில் பார்த்த அந்தப் பூட்ஸ் பொம்மைக்கு ஊர் தெரிகிறது, காலம் தெரிகிறது, வாங்கினவர் பெயர் தெரிகிறது. வைத்து விளையாடிய பிள்ளையின் பெயர் பெட்டியில் நான் பார்த்தவரை இல்லை.

மியூசியத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை உங்கள் பேத்தி விளையாடி முடித்தபிறகு யோசிக்கலாம்.

கடைசியில் அந்த எடின்பரோ மியூசியக் கடையில் என்ன வாங்கினீர்கள்?
– திருச்சி வாசகர் (உங்கள் கடையில் கடன் சொன்னவன்)

எந்தப் பொம்மைக் கடைக்குள் போனாலும் சாமானைக் கவிழ்த்துப் பார்த்து எங்கே செய்தது என்று படிப்பேன். அப்புறம் அடக்க விலை என்ன இருக்கும் என்று மனசுக்குள் கணக்கு ஓடும். அதைக் கழித்துப் பார்த்துவிட்டுக் கையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பேத்தி மட்டும் அழுத்தினால் டிக் டிக் என்கிற தகரத் தவளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். தேர்த் திருவிழாவில் நான் கூடை கூடையாக விற்ற சரக்கு. அங்கே அதன் விலையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மகள் காசு கொடுத்தாள். பஸ் ஏறுவதற்குள் அவளே அதைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நீங்கள் யார் என்று தெரிந்துவிட்டது. பாக்கியை நான் இன்னும் மறக்கவில்லை.